அட்டையில் ஒரு கிளி

தங்கை எழுதிய நாவல் தபாலில் வந்தது. பிழைக்க வந்த ஊரில் ஒரு குடும்பம் பிள்ளைகளை வளர்த்த கதை. அந்த ஊர் மொழியில் இருந்ததால் அம்மாவுக்கு ஓர் எழுத்தும் புரியாது. பெரியவள் பல் ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆசையாகப் படிக்க உட்கார்ந்தாள்.

அறுபதாம் பக்கத்தில் அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. கதையில் வீட்டு ஓனர், டாக்டர், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அம்மாவின் தோளில் ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்து அவளுக்காகப் பேசியது. பின்னட்டையில் யாரோ அதை அற்புதம் என்று வேறு மெச்சியிருந்தார்கள். அற்புதமாம்! ஒன்பது வயதில் ஆஸ்பத்திரி கவுண்டர் எட்டாமல் நுனிக்காலில் நின்று அம்மாவுக்காகப் பேசியவள் பெரியவள். கிளி என்றால் சொன்னதையே சொல்லும். அவளோ ஓனர் திட்டியதில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியைப் பதமாக அம்மாவிடம் சொன்னவள்.

"என்னடி எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லு" என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பெரியவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். கிளி வந்த இடத்திலெல்லாம் "மூத்த மக" என்று மாற்றினாள். பழகிய வேலைதானே, நாக்கு தடுமாறவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடந்ததை அப்படியே எழுதியிருக்கா. உன்னை மறக்கல பாரு."

பிறகு புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவினாள். "ஆமா, இந்தக் கிளி எதுக்கு? நம்ம வீட்டுல கிளியே இல்லையே."

"அது சும்மா அழகுக்கும்மா" என்றாள் பெரியவள்.