அத்தையின் மீசை

அத்தைக்கு மீசை உண்டு என்று இந்த அம்மாளிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

நபோசா அதைச் சொல்லவில்லை. மடிக்கணினியில் நைரோபியிலிருந்து கெருபோ பேசிக்கொண்டிருந்தாள். மீசைக்குச் சொந்தக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். முதலீடு செய்யப்போகிறவள் கெருபோ. ‘செங்கா’ இணையதளம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். அறுபதாயிரம் பெண்கள் வந்து படிப்பது இன்னும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த அத்தை யார்? இப்போதெல்லாம் எழுத்துக்காக யாரும் வருவதில்லை, முகத்துக்காகத்தான் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை அத்தை ஒரே ஒரு நிமிடம் நேரலையில் வந்து பேசட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

“பேசிருவாங்க,” என்றார் சாலோங்கோ. “அத்தைக்கு வாய்க்கா பஞ்சம்?”

இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பன் என்பதால் ஊர் அவரைச் சாலோங்கோ என்றே கூப்பிட்டது. பிறந்தபோது வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் இருந்தது. பதினாறு வருடம் ஒரு நாளிதழில் சனிக்கிழமைதோறும் செங்காவாக, அதாவது அத்தையாக, எழுதியவர். அம்மாவிடம் கேட்க முடியாததையெல்லாம் ஒரு பெண் அப்பாவின் கூடப்பிறந்தவளிடம்தான் கேட்பாள். அப்படி ஓர் அத்தை வாய்க்காதவர்கள் நாளிதழுக்கு எழுதினார்கள். நாளிதழ் வருடத்துக்கு வருடம் இளைத்தது. முதலில் சிறுவர் பக்கம் போயிற்று, பிறகு ராசிபலன், அதன் பிறகு அத்தை.

நபோசாவுக்கும் அத்தை கிடையாது. அப்பாவோடு பிறந்தது நான்கும் ஆண். பத்தொன்பது வயதில், கட்டிக்கொள்வதாகச் சொன்ன ஒருவனின் வீட்டுக்குப் போய், வழக்கப்படி முழங்காலிட்டு அவன் அம்மாவுக்கு வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படியே இருக்கவேண்டும் என்று தெரியாமல் நபோசா அன்றிரவே நாளிதழுக்கு எழுதினாள். மூன்றாம் சனிக்கிழமை பதில் வந்தது.

‘பத்து எண்ணு, மகளே. அதற்குள் அந்த அம்மாள் திரும்பாவிட்டால் எழுந்துவிடு. முழங்காலைத் தட்டிக்கொண்டு, அடுப்பில் மட்டோக்கே வாழைக்காய் கருகுகிறதா என்று கேள். முழங்கால் உன்னுடையது.’

அடுத்த முறை எட்டிலேயே எழுந்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. கத்தரித்த துண்டு மட்டும் பைபிளுக்குள் இன்னும் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து அதே நாளிதழில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. முதல் நாளே, செங்காவின் மேசை எது என்று விசாரித்தாள். கை காட்டினார்கள். அங்கே ஒரு தொந்திக்காரர் முட்டை சுருட்டிய சப்பாத்தியைத் தின்றுகொண்டிருந்தார். மீசையில் முட்டை ஒட்டியிருந்தது.

ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை. ஏமாந்தது கூடப் பெரிதில்லை. அவள் மனதில் அத்தைக்கென்று ஒரு முகம் இருந்தது: நல்ல கறுப்பு, ஒரு கன்னத்தில் மட்டும் குழி, யோசிக்கும்போது இடுப்புக்கச்சையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம். பேருந்தில், பரீட்சை அறையில், அந்தப் பையனைவிட்டு நடந்து வந்த சாலையில் எல்லாம் அந்த முகம் கூடவே வந்திருக்கிறது. அன்றைக்குப் போனதுதான். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. கூப்பிட்டால் மீசைதான் வந்தது.

பிறகு சிரிக்கப் பழகிக்கொண்டாள். நாளிதழ் அவரைக் கைவிட்டபோது, இணையத்தில் ஆரம்பிக்கலாம் என்று சொன்னவளே அவள்தான். கம்வோச்சாவில், இரும்புக் கதவு செய்யும் பட்டறைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி. தளத்தில் எல்லோரும் படிக்கிற பதில்களை அவர் எழுதினார். அந்தரங்கமாக வருகிற கடிதங்களுக்கு, ஒரு நாளைக்கு நாற்பதாவது இருக்கும், நபோசா பதில் சொன்னாள். எண்ணிக்கை ஏற ஏற சாலோங்கோ புதுப் பேச்சுக் கற்றுக்கொண்டார். நமக்கு ட்ராஃபிக் வேண்டும், இன்னும் ட்ராஃபிக் வேண்டும் என்பார். வண்டெகெயா சந்திப்பில் தினமும் ஒரு மணி நேரம் வேனில் வேகிறவளுக்கு, கம்பாலாவில் அதைக் கேட்டு வாங்க ஆசைப்படும் ஒரே மனிதர் இவர்தான் என்று தோன்றும்.

இப்போது அவருக்கு முகம் வேண்டும். அவருடையது உதவாது. நபோசாவுடையது இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் ஒத்திகை. அவர் ஒரு பையிலிருந்து கோமெசி உடுப்பை எடுத்தார். மனைவி நாலோங்கோவினுடையது, ஊதா நிறம், தோள் இரண்டும் கூடாரம்போல நின்றன. உடுத்திக்கொண்டு நபோசா பாயில் உட்கார்ந்தபோது, உடைக்குள் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. சாலோங்கோ பழைய நாளிதழ்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார்.

“கொஞ்சம் வயசான மாதிரி உக்காரேன்.”

“எப்படி உக்காரணும்?”

“முட்டி வலிக்கிற மாதிரி.”

கீழே பட்டறையில் தகரம் அலறியது. அது நிற்கும்வரை காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவள் மடிக்கணினியைப் பக்கத்தில் இழுத்து, காலையில் அவர் போட்ட அறிவிப்பைத் திறந்தாள். ‘நாளை அத்தையை நேரில் காணுங்கள்!’ அதன் கீழே தொள்ளாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். அத்தைக்கு முன்பல்லில் இடைவெளி இருக்கும் என்று ஒருத்தி பந்தயம் கட்டியிருந்தாள். கட்டாயம் பருமன்தான், ஒல்லியானவர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது என்றாள் இன்னொருத்தி. என் அத்தை இடதுகைக்காரி, யாரும் மறுத்துப் பேசாதீர்கள் என்று ஒருத்தி சண்டைக்கே நின்றாள். அந்தரங்கப் பெட்டியில் மிட்யானாவிலிருந்து எழுதும் பெண்ணின் கடிதம் இருந்தது. ஒன்பது மாதமாக எழுதுகிறவள். கணவன் வீட்டில் பேச யாருமில்லை.

‘அத்தை, நீங்கள் உயரமா குட்டையா என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளை பார்க்கும்போது நான் முகம் மாறிவிடக்கூடாது. வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் உங்களோடுதான் பேசுகிறேன். அந்த ஆள் நீங்களாகவே இருந்துவிட்டால் நல்லது.’

நபோசா அதை இரண்டு முறை படித்தாள். வெங்காயத்துக்கு முன்னால் நிற்கும் அந்த ஆளை அவளுக்குத் தெரியாது. ஆனால் நாளை காலை பத்து மணிக்கு நேரலை தொடங்கியதும் அந்த ஆள் எங்கே போய்விடுவாள் என்று தெரியும்.

பட்டறை ஓய்ந்தது. “ம், சொல்லு. ‘என் செல்லங்களா’ன்னு ஆரம்பி,” என்றார்.

அவள் ஆரம்பிக்கவில்லை. பத்தொன்பது வயதில் எழுதிய கடிதத்தைப் பற்றி முதல்முறையாக அவரிடம் சொன்னாள். பத்து எண்ணச் சொன்னது, மட்டோக்கே, முழங்கால், எல்லாவற்றையும். முட்டை ஒட்டிய மீசையையும் விடவில்லை. சாலோங்கோ கேட்டுக்கொண்டே கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார், அங்கே ஒன்றுமில்லாவிட்டாலும்.

“அது நான் எழுதினது இல்ல,” என்றார் கடைசியில்.

“பின்ன?”

“முழங்கால் சமாசாரமெல்லாம் எனக்கென்ன தெரியும்? அந்த மாதிரி வந்தா ராத்திரி சாப்பிடறப்ப நாலோங்கோகிட்ட கேப்பேன். அவ சொல்றத எழுதிருவேன்.”

நபோசாவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு வேறென்னவோவும் வந்தது. “அப்ப அவங்களையே உக்கார வைக்க வேண்டியதுதான?”

“மொதல்ல அவகிட்டதான் கேட்டேன்.” குரல் இறங்கியது. “உடுப்பு வரும், நான் வரமாட்டேன்னுட்டா.”

அவள் தன் மடியில் குவிந்து கிடந்த ஊதாத் துணியைப் பார்த்தாள். மறுப்பைக்கூட நாலோங்கோ மரியாதையாகத்தான் அனுப்பியிருக்கிறார்.

“விளையாடாத, நபோசா. கெருபோ கைவிட்டா கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடத் தாங்காது. அப்புறம் உன் மிட்யானாக்காரி யாருக்கு எழுதுவா?”

அது உண்மை. இந்த அறை போகலாம், தளமும் போகலாம். மிட்யானாக்காரி வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போதும் அவள் மனதில் அவளுடைய அத்தையின் முகம் இருக்கும். அதையும் பிடுங்கிக்கொண்டு எதைக் காப்பாற்றுவது?

“ஒரே நிமிஷம்,” என்றார் அவர். போனைக் கையில் எடுத்து, மறுபடி குறிபார்த்தார். “எனக்காக.”

அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். நபோசா மனதுக்குள் எண்ணினாள். ஆறிலேயே எழுந்துவிட்டாள். முழங்காலைத் தட்டிக்கொண்டு, கச்சையை அவிழ்த்து, தன் சட்டைக்கு மேலே போட்டிருந்த கோமெசியை நிதானமாகக் கழற்றி மடித்தாள். பெரிய உடை, மடிக்க நேரமெடுத்தது. பையில் வைத்து அவரிடம் கொடுத்தாள்.

“வீட்டுல நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க.”

“கெருபோகிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

“அத்தை வரமாட்டாங்கன்னு சொல்லுங்க, சாலோங்கோ.”

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மிட்யானாக் கடிதத்தைத் திறந்தாள். உயரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வெங்காயத்தை எதற்கு நறுக்குகிறாய், என்ன குழம்பு என்று கேட்டாள்.