வாரத்துக்கு விட்ட பத்மினி

கடம்பூருக்கும் கயத்தாறுக்கும் இடையில் உள்ள ஒரு கரிசல் ஊரில், வள்ளிமயிலின் மாட்டுத் தொழுவத்தில் நின்றிருந்த பிரீமியர் பத்மினி கார், போன ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கன்று போட்டது. கிடேரிக் கன்று. பிரசவத்தில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் முதலில் வந்தன, அப்புறம் முகம், அப்புறம் மற்றதெல்லாம். மாட்டுக்கு எப்படியோ அப்படியேதான். அன்றைக்குக் கோவில்பட்டியில் தக்காளி மலிந்து கிடந்தது. கடம்பூரில் போளி வழக்கம்போல் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

அந்தக் கார் வள்ளிமயிலுடையது அல்ல. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த சுந்தரபாண்டியன் அண்ணாச்சியுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் தொழிலை மூடிவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்பியபோது, வீட்டில் இருந்த இரண்டு பசுக்களை வள்ளிமயிலிடம் வாரத்துக்கு விட்டார். வாரம் என்றால் இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மாடு ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. ஈனுகிற முதல் கன்று வளர்த்தவருக்கு, தாய் எப்போதும் உடையவருக்கு. சென்னையில் அவர் பார்த்திருந்த அடுக்குமாடி வீட்டில் காரை நிறுத்த இடமில்லை. விற்கவும் மனசு வரவில்லை. மாடுகள் போன அன்றைக்கே அதையும் கொண்டுவந்து தொழுவத்தில் நிறுத்தி, "இதையும் வாரத்துக்கே வச்சுக்கோ தாயி" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி முத்துமாரியம்மாளும் சிரித்தார். வள்ளிமயில் சிரிக்கவில்லை. அவளுக்குக் கொடுக்கல் வாங்கல் பேசும்போது சிரிக்கிற பழக்கம் கிடையாது.

வந்த புதிதில் அந்தக் காரைப் பார்க்க யாருக்கும் ஆசை வராது. தரைத்தகடு துருப்பிடித்து, உட்கார்ந்தால் ரோடு தெரியும். பின்சீட்டுப் பஞ்சில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த எலியை விரட்டப் போனவள்தான் வள்ளிமயில். போன இடத்தில் முந்தானையால் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஆரன் வளையத்தைத் துடைத்தாள். தூசி போனதும் அதில் அவள் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு காரின் மேல் ஆசை வைப்பது வெட்கக்கேடு என்று அவளுக்கே தோன்றியது. தோன்றி என்ன செய்ய, மறுநாள் காலையில் பால் கறந்த கையோடு போய் மறுபடியும் துடைத்தாள்.

பிறகு நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னால் பொழுது போய்விடும். கோவில்பட்டியில் டிங்கர் வேலை பார்க்கும் மணிராஜைக் கூட்டிவந்து தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்தாள். அவன் பாடியில் இருந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடிப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றபோது, "புண்ணுக்கு மேல பவுடர் போடச் சொல்லுதியோ?" என்று கேட்டு விரட்டினாள். பம்பர்கள் மதுரைக்குப் போய் முலாம் பூசிக்கொண்டு வந்தன. காணாமல் போன ஒரு சக்கர மூடி குளத்தூரில் ஓர் உப்பள வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருப்பதாகத் தகவல் வந்தது. புது எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து அதை வாங்கி வந்தாள். ஆடிக்காற்றில் கரிசல் புழுதி கிளம்பும்போது பழைய சுங்குடிச் சேலைகளைப் போர்த்தி நாலு பக்கமும் கட்டினாள். காலையில் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, தொழுவத்திலிருந்து வேப்பமரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவாள். அதைத் தாண்டி ஒரு நாளும் ஓட்டியதில்லை. அடுத்தவர் பொருள். ஒரு கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் அவளுக்கு நினைப்பெல்லாம் தொழுவத்தில்தான். எந்தப் பயல் கல் எறிகிறானோ, எந்த மாடு கொம்பால் உரசுகிறதோ என்று சோறு இறங்காது. அவள் புருஷன் சாமித்துரை ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஏட்டி, நான் டெங்குல கெடந்தப்ப இத்தனை தடவை தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு வாயி இல்லல்லா" என்றாள்.

முந்தின ஐப்பசியில் குளத்தூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றில் இந்த வழியாக வந்தது. நல்ல மழை. கரிசல் மண் நனைந்துவிட்டால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது என்பது அவர்களுக்கும் தெரியும், முகூர்த்த அவசரத்தில் மறந்துவிட்டார்கள். ஊரே சேர்ந்து தள்ளி அந்த அம்பாசடரை வள்ளிமயிலின் தொழுவத்தில் ஏற்றி நிறுத்தியது. பாதை காயும்வரை ஒரு வாரம் அங்கேயே பத்மினிக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு போய்விட்டது. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பங்குனியில்தான் வள்ளிமயில் கவனித்தாள். வேப்பமரத்தைத் தாண்டாமலே பெட்ரோல் மளமளவென்று குறைந்தது. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. முன்பு தாராளமாகக் கை நுழைந்த வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே இப்போது விரல்தான் நுழைந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஓங்கரித்துவிட்டுத்தான் கிளம்பியது. இருபத்தைந்து வருஷமாக மாடு வளர்க்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "சினையா இருக்கு" என்றாள். சாமித்துரை மூச்சுத் திணறும்வரை சிரித்தார். மணிராஜ் வந்து சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக வெளியே வந்து, "அக்கா, இது என் கேஸ் இல்ல. மாட்டு டாக்டர வரச் சொல்லுங்க" என்றான். மாட்டு டாக்டர் வந்தார். டிக்கியின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கன்று நன்றாக இருப்பதாகவும், டிக்கியில் பாரம் ஏற்றக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, வந்ததுக்கு மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். சாமித்துரை அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆனி மாதம் சுந்தரபாண்டியனின் மகன் ஹரிஹரசுதன் வந்து சேர்ந்தான். அண்ணாச்சி முந்தின வருஷம் தவறிவிட்டார். மகனுக்குச் சென்னையில் நல்ல வேலை, பழைய கார்க்காரர்கள் கூடும் ஒரு சங்கத்திலும் இருந்தான். துருப்பிடித்த கூட்டையாவது எடுத்துப்போகலாம் என்று வந்தவன், சேலையை விலக்கிப் பார்த்ததும் வண்டியை இரண்டு தடவை சுற்றிவந்தான். கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவினான். அதன் கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் பிள்ளையின் பல் தடம் இருந்தது. அப்பா மடியில் உட்கார்ந்து அவன் கடித்தது. வள்ளிமயில் எல்லாவற்றையும் சரிசெய்தவள், அதை மட்டும் அடைக்காமல் விட்டிருந்தாள். யார் பல் என்று தெரியாது, ஆனால் ஒரு பிள்ளையின் பல் என்று தெரிந்தது, மனசு வரவில்லை. அவன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதான். நல்ல பையன்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆவணியில் லாரி கொண்டுவந்து எடுத்துப்போகிறேன் அக்கா என்றான்.

வள்ளிமயிலுக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனாலும் என்ன சொல்ல முடியும்? "ஒங்க வண்டி தம்பி. கூட்டிட்டுப் போங்க. சினையா இருக்கு, பாத்துக் கொண்டுபோகணும்" என்றாள். பெட்ரோல் நிறையக் குடிக்கிற வண்டியைக் கிராமத்தில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவன் தலையாட்டினான். அவன் போனபின் அவள் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் நின்று, மாடுகளுக்குக்கூடக் கேட்காமல் அழுதாள். அந்த இரண்டு மாதமும் வீட்டில் குழம்புக்கு உப்பு கூடியது, இல்லையென்றால் குறைந்தது. தொழுவத்தில் வண்டி இல்லையென்றால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சாமித்துரையிடமே வாய்விட்டுச் சொன்னாள். அவர் முதல் தடவையாகத் துணியை எடுத்துப்போய்க் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

ஹரிஹரசுதன் கார் ஏற்றும் லாரியோடு வந்து இறங்கிய அந்தப் புதன்கிழமை காலையில்தான் பத்மினிக்கு வலி கண்டது. லாரி டிரைவர் வேல்சாமி பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, பலகையைத் திரும்ப ஏற்றினார். ஹரிஹரசுதன் முதலில் பயந்தான், பிறகு போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தான், பிறகு வள்ளிமயில் போட்ட அதட்டலில் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கன்றைத் தாங்கிப் பிடித்தான். கயிற்றுக் கட்டில் அளவில் இருந்தது கன்று. தாயின் அதே வெண்ணெய் நிறம். உடம்பெல்லாம் பத்மினி, முகம் மட்டும் அப்படியே அம்பாசடர். கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடினார்கள். கன்று கொஞ்ச நேரம் தள்ளாடி, தானாகத் தாய்க்கு அடியில் நுழைந்து ஆயில் குடிக்க ஆரம்பித்தது. முதல் ஆயில் சீம்பால் மாதிரிக் கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. கன்று குடித்து மிஞ்சியதைப் பக்கத்து வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தார்கள். அதை ஊற்றிய பம்புசெட்டுகள் இன்றுவரை நிற்காமல் ஓடுகின்றன.

சச்சரவு அதற்குப் பிறகுதான். தாய் எங்களுடையது என்றால் கன்றும் எங்களுடையதுதானே என்றான் ஹரிஹரசுதன். பேராசையில் சொல்லவில்லை, கன்றின் வழுவழுப்பு கையில் இன்னும் காயாத நிலையில் சொன்னான். வள்ளிமயில் கன்றின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காருக்கு வாரம் உண்டா, யார் கண்டது என்று ஒருவர் இழுத்தார். கடைசியில் பையனே சென்னைக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். முத்துமாரியம்மாள் முழுக்கதையையும் கேட்டார். கார் கன்று போட்டதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கெடேரியா, காளையா?" என்றார்.

"கெடேரிதாம்மா."

"ஏலே, வண்டிய அங்கன எப்படில விட்டோம்? வாரத்துக்கு. ஒங்கப்பா என் முன்னாலதான சொன்னாவ. ரெண்டு பசுவுலயும் முதக் கன்ன வள்ளிமயிலு எடுத்துக்கிட்டா, நாம ஏன்னு கேட்டோமா? மாட்டுக்கு ஒரு பேச்சு, காருக்கு ஒரு பேச்சா? செத்த மனுசன் வாக்கக் கெடுத்துராத."

போனை அணைத்துவிட்டுப் பையன் கன்றின் முதுகை ஒரு தடவை தடவிக்கொடுத்தான். பிறகு, "கன்னு ஒங்களுக்குத்தான் அக்கா" என்றான். வள்ளிமயில் சாணம் கிடந்த தரையென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக உள்ளே இழுத்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்தில் நின்றவர்களின் தலைமுடி அதில் பறந்ததாகச் சொல்கிறார்கள். பால்குடிக் கன்றிலிருந்து தாயைப் பிரித்துத் தன் லாரியில் ஏற்றமுடியாது, பிள்ளைகுட்டிக்காரன் நான் என்று சொல்லிவிட்டு, வேல்சாமி காலி லாரியோடு திரும்பிப் போனார்.

ஹரிஹரசுதன் மாதம் ஒரு முறை வந்தான். வரும்போது நல்ல ஆயில் டப்பாக்கள் வாங்கிவந்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை சேறாகிவிட்டதால் தை பிறந்து மண் இறுகிய பிறகுதான் தாயை ஏற்ற முடிந்தது. அதற்குள் கன்று தானாகப் பெட்ரோல் குடிக்கப் பழகி, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. லாரி நகர்ந்தபோது கன்று மெல்லிய குரலில் ஆரன் அடித்தது. லாரியின் மேலிருந்து பத்மினியும் ஒரு முறை அடித்தது. வள்ளிமயிலுக்குக் கண் கலங்கியது. ஆனால் படப்புக்குப் பின்னால் போகவில்லை, எல்லார் முன்னாலும் நின்று அழுதாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கியது என்று சாமித்துரை சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அவள் கன்றை வேப்பமரம் வரை ஓட்டினாள். பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்து நின்றாள். பிறகுதான், நிற்கவேண்டிய அவசியம் இல்லை என்று உறைத்தது. சாமித்துரையை ஏறிக்கொள்ளச் சொன்னாள். முடுக்கில் திரும்பும்போது மண்சுவரில் உரசிக் கதவில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. சாமித்துரை பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார். "விழுந்தா விழட்டும். நம்ம வண்டிதான" என்று சொல்லிவிட்டு அவள் நாலுவழிச் சாலையில் ஏறினாள். காற்று வாங்கிக்கொண்டு, பருத்திக் காடுகளைப் பார்த்துக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். டோல்கேட் வந்தது. பின்னால் ஒரு சரக்கு லாரி அவசரப்பட்டு ஆரன் அடித்தது. கூண்டில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் பாஸ்டேக் ஒட்டுச்சீட்டு எதுவும் இல்லை. அம்பாசடர் முகத்தையும் பத்மினி உடம்பையும் ஒரு தரம் பார்த்தான், சந்தையில் பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்கிறவன் மாதிரிக் குனிந்து பம்பருக்குக் கீழேயும் பார்த்தான்.

"பல்லு போட்டுட்டா அக்கா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல தம்பி. ஆவணியிலதான் பெறந்துச்சு."

"பல்லு போடாத கன்னுக்கு டோல் கிடையாது. போங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் தூக்கினான்.