கந்தகப் புகை

சேவல்களைக் குன்றின் குகைக்குள் ஒளித்துவைத்தவன் சம்பங்கியின் தங்கை புருஷன் ரவிகுமார். பந்தயச் சேவல்கள். போலீஸ் கெடுபிடி ஓயட்டும் என்றான். குன்றுக்குக் காவல் சம்பங்கிதான். தங்கை முகத்துக்காக வாயை மூடிக்கொண்டார்.

சேவல்கள் போய்விட்டன. அவற்றோடு வந்த கோழி உண்ணி போகவில்லை. பாறை இடுக்குகளில் குடியேறி, தொங்கித் தூங்கும் வௌவால்களின் ரத்தத்தைக் குடித்தது. அந்தச் சின்ன வௌவால் இனத்துக்கு அந்த ஒரு குகைதான் இருப்பிடம். சுற்றிலும் கல்குவாரி, நடுவே கடலில்லாத தீவாகக் குன்று.

வௌவால்களை ஆராயும் ஷைலா, பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துப் பெண். செத்த ஒன்றைக் கையில் ஏந்தினாள்.

“இன்னா அங்கிள், கோழி உண்ணி கீது? கோழி இங்க ஏறி வந்துச்சா?”

“தெரிலம்மா.”

“இதுங்களுக்கு இந்தப் பூச்சி புதுசு, தாங்காது. பெங்களூர்ல கேட்டுகினு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

காலைதோறும் தரையில் செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கிய சம்பங்கியால் அதுவரைக்கும் பொறுக்க முடியவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு ஒரே வைத்தியம்: ஆட்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, சட்டியில் கந்தகம் கொளுத்துவது.

“அந்தப் பொண்ணு தொடாதன்னுச்சே?” என்றாள் மனைவி குணசுந்தரி.

“அல்லாம் வெளிய போனப்புறந்தான் வெப்பேன். சொரங்க ஷாஃப்ட் வாசல்ல எத்தினி வருசம் ஆளுங்கள கேஜ்ல ஏத்தி எறக்குனவன் நானு. உள்ள ஆள வுட்டுட்டுப் புகை போடுவனா?”

“உங்க மச்சான் போட்ட குப்ப. அவனயே வந்து பெருக்கச் சொல்லுங்க.”

அந்தி மங்கியதும் வௌவால்கள் இரைதேடக் கிளம்பின. கடைசி ஒன்றும் போனபின் வாசலில் சாக்குகளைக் கட்டிப் புகை போட்டார். புகை அடங்கியதும் சாக்கை அவிழ்த்தார். முதலில் திரும்பிய வௌவால் எங்கும் தொங்கவில்லை. கூரையில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. டார்ச்சைத் தரைப்பக்கம் திருப்பினார்.

மயிர் முளைக்காத குட்டிகள், செத்துக் கிடந்தன. இரைக்குப் போகும் தாய்கள் குட்டிகளைக் கூரையிலேயே தொங்கவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியாது. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து ஏறியவர் எவரும் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு வந்ததில்லை.

இடுக்கில் குச்சியை விட்டுக் கிளறினார். உண்ணி ஒன்று நிதானமாக நகர்ந்து உள்ளே போனது.

மறுநாள் ஷைலா மருந்தோடு வந்தாள்.

“அல்லாம் வெளிய வந்துச்சும்மா. பாத்துகினேதான் இருந்தேன்.”

அவள் குனிந்து குட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“வெளிய போங்க அங்கிள்.”

போனார். கூரையில் ஒரு வௌவாலும் தொங்கவில்லை; குகை வெறுமையாக இருந்தது. தாய்கள் எங்கே போயிருக்கும் என்று குவாரிகளின் பக்கம் பார்த்தார். அவற்றுக்கு வேறு குகை கிடையாது.