பாசிக்கு ஒரு நாள் லீவு

என் தங்கை வடிவின் புருஷன் சுயம்புவுக்குச் சாமி பக்தி ஜாஸ்தி. மூளையைச் செலவழிப்பதில் மட்டும் சிக்கனம். செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் அட்டெண்டர்கள். நான் பெர்மனென்ட், மாப்பிள்ளை டெம்பரரி.

எங்கள் ஆபீசர் அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர். குளத்துப் பாசியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுத்து அடுப்பெரிக்கலாம், வண்டி ஓட்டலாம் என்பார். எட்டு மாதமாகக் கண்ணாடி ஜாடியில் பாசி போட்டு, விளக்கு எரித்து, பம்பு வைத்துக் காற்று ஊதி வளர்த்தார். பாசி நன்றாகக் கொழுத்தது. ஹைட்ரஜன்தான் வரவில்லை. தீபாவளிக்குள் ஏதாவது காட்டாவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவேன் என்றார் டைரக்டர். மூடினால் முதலில் வீட்டுக்குப் போவது சுயம்புதான். வடிவுக்கு அப்போது ஏழு மாதம்.

ஆயுத பூஜைக்கு ஆபீசரும் லீவு, நானும் லீவு. "விளக்கையும் பம்பையும் நிறுத்திடாதேடா" என்று சுயம்புவிடம் பத்துத் தரம் சொல்லிவிட்டுத்தான் ஆபீசர் போனார்.

மூன்றாம் நாள் ஆபீசரும் நானும் வந்து பார்த்தால் விளக்கும் இல்லை, பம்பும் ஓடவில்லை. ஜாடி, மூடி இறுக்கி, சிவப்புத் துணி சுற்றி, சந்தனம் குங்குமத்தோடு பீரோவுக்குள் உட்கார்ந்திருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினார் ஆபீசர்.

"பூசையில வச்ச சாமானை அன்னிக்கிப் பொழங்கப்புடாதுல்லா அய்யா? பாசியும் நமக்கு வேல செய்யுதுல்லா? மறுபூசைக்கு நீங்க வரட்டும்னு வச்சிருந்தேன்."

"பாவி, மூச்சு முட்டிச் செத்திருக்கும்டா!"

ஆபீசர் துணியைப் பிடுங்கினார். வெளிச்சம் பட்டதும் ஜாடிக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பியது. அவசரமாக ஒரு குழாயில் வாயுவைப் பிடித்து, தீக்குச்சியைக் காட்டினார். 'டப்' என்றது. இன்னொரு குழாய். அதுவும் 'டப்'. மனுஷர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"காத்தையும் வெளிச்சத்தையும் அடைச்சு வச்சுட்டு அப்புறம் வெளிச்சம் காட்டினாத்தான் ஹைட்ரஜன் விடறது! நான் எட்டு மாசமா ஊதிண்டிருந்தேனே!" கண் கலங்கிவிட்டது அவருக்கு. பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

"சுயம்பு, வெள்ளிக்கிழமை டைரக்டர் வரார். நீ பண்ணினதை அப்படியே திருப்பிப் பண்ணிக் காட்டணும்."

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார்.

"அது முடியாதுய்யா. ஆயுத பூசை இனி அடுத்த வருசந்தான வரும்?"

"மாப்ள, வாயை வச்சுக்கிட்டுச் சும்ம இரும்!" என்று விலாவில் இடித்தேன்.

ஆபீசர் பேனாவைத் திறந்து காகிதத்தை இழுத்தார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் இவனை அனுப்ப முடியாதுன்னு எழுதிடறேன்."