குப்பு பாட்டு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மழை பொய்த்தது. ஏரியும் கடலும் சேரும் வாயை மணல் அடைத்துக்கொண்டது. ஏரி வற்றி, தண்ணீர் உப்பாய்க் கரித்து, கரையோரம் வெள்ளை வெள்ளையாய்ப் பாளம் விட்டது. ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த குடும்பங்களுக்கு, தடவிய கையில் சேறு மட்டும்தான் வந்தது.

அந்தக் குடும்பங்களில் ஒன்று தங்கவேலுடையது. மனைவி அம்மணி. ஒன்பது வயதில் ஒரே மகள், குப்பு. ஒருநாள் காலையில் தங்கவேல் மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் போனான். சாயங்காலம் தனியாகத் திரும்பினான். தலையில் ஒரு மூட்டை அரிசி இருந்தது. குப்புவை ஒரு துரை வீட்டில் வேலைக்கு விட்டிருப்பதாகவும், அங்கே வயிற்றுக்குக் குறைவில்லை என்றும் சொன்னான். அம்மணி நம்பினாள். நம்பாமல் இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்துக் குடிசை முத்தம்மாள் ஓடிவந்தாள். யாரோ தரகன் அடிமையாக வாங்கிச் சேர்த்த ஆட்களைக் கடற்கரையில் படகேற்றுகிறார்களாம், அதில் குப்புவைப் பார்த்தாளாம். இரண்டு பேரும் ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகும் அலையைத் தாண்டிவிட்டது. தூரத்தில், கடல் கடந்து ஒல்லாந்தரின் பத்தாவித் துறைக்குப் போகும் கப்பல் பாய் விரிக்கக் காத்து நின்றது. படகில் தெரிந்த தலைகளில் குப்புவின் தலை எது என்று அம்மணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. மணலில் உட்கார்ந்து, சாவு வீட்டில் அழுவதுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு வார்த்தையும் வந்தது.

‘முட்டியளவு தண்ணியிலே முழுகாத எங்கண்ணே
எட்டாத தண்ணியிலே எங்கேடி போறவளே
கெண்டைக்காலு நனைஞ்சாலே கூப்பிடுவே அம்மான்னு
கருந்தண்ணி தாண்டையிலே யாரைடி கூப்பிடுவே’

கப்பல் மறையும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள். தங்கவேல் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தான். அது எந்த அரிசி என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்தே குடித்தாள். அந்த மூட்டை தீரும்வரை இருவரும் அதைத்தான் குடித்தார்கள். அன்றோடு அவளுக்கு அழுகை நின்றுபோயிற்று. அவனைத் திட்டவும் வாய் எழவில்லை. நெடுநேரம் தண்ணீரில் நின்ற காலைப்போல உள்ளே ஏதோ மரத்துவிட்டது. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

மறு வருஷம் மழை கொட்டியது. மணல் உடைந்து கடல் உள்ளே வந்தது, இறாலும் வந்தது. ஊருக்கு உயிர் வந்ததும் கூத்தும் வந்தது. அந்தக் கோடையில் பழவேற்காட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டுத்தான். சிங்காரத்தின் கூத்து ஜமா புதிதாகக் கட்டிய பாட்டு அது. சிங்காரம் கூத்தில் சனத்தைச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் வேஷக்காரன். அவன் மேடைக்கு வந்து இடுப்பை ஒடித்து அந்தப் பாட்டை எடுத்தால் சனம் எழுந்து ஆடியது. வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு ஓடிப்போகும் பெண்ணைக் கேலி செய்யும் பாட்டு. உலக்கை போடுகிற பெண்கள் அதைப் பாடினார்கள். கோட்டைக் காவல்காரர்கள் அர்த்தம் தெரியாமலே சீட்டியடித்தார்கள். போட்டிக்காரன் பெரியசாமியின் ஜமா அதே மெட்டைத் திருடிவிட்டது என்று இரண்டு ஜமாக்களும் ஒருநாள் சந்தையில் கட்டிப் புரண்டன.

அம்மணி அதை முதலில் கேட்டது துணிக்குச் சாயம் தோய்க்கும் ஒரு வீட்டு வாசலில். இறால் கொடுக்கப் போயிருந்தாள். உள்ளே நாலைந்து பேர் துணியை அடித்துக்கொண்டே பாடினார்கள். ‘முட்டியளவு தண்ணியிலே முழுகாத எங்கண்ணே’ என்று ஒருவன் எடுக்க, ‘எங்கேடி போறவளே, எவனோடி போறவளே’ என்று மற்றவர்கள் முடித்துச் சிரித்தார்கள். அம்மணி நின்று முழுவதையும் கேட்டாள். தன் வார்த்தைதான் என்று தெரிந்தது. வேறெதுவும் ஆகவில்லை. இறாலை அளந்து போட்டுவிட்டு, காலிக் கூடையோடு திரும்பினாள்.

முத்தம்மாள்தான் தாங்காமல் ஊரில் சொல்லிவிட்டாள், இது அம்மணி அழுத அழுகை என்று. அது சிங்காரத்தின் காதுக்கும் போயிற்று. ஒருநாள் உச்சிப்பொழுதில் அவன் தோணிரேவுக்கு வந்தான். அரிதாரம் இல்லாமல் பார்க்க ஒல்லியாக, களைத்த ஆளாக இருந்தான். பஞ்சத்தில் கூத்து நின்றுபோய் அவனும் சோறு தேடிக் கடற்கரையில் அலைந்தவன்தான். அன்றைக்கு அவள் அழுததைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டிருக்கிறான். ஒப்பாரியை ஆட்டமாக மாற்றினதற்கு அவன் வருத்தப்பட்டானா என்று சொல்ல முடியாது. அழுகைப் பாட்டை அந்த வருஷம் யார் கேட்டிருப்பார்கள் என்றான். அவன் வந்த காரியம் வேறு. கோட்டைப் பெரிய துரை வீட்டில் கல்யாணம், மைதானத்தில் பகலிலேயே கூத்து. கப்பல்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். நாலு அடியை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது, புதிதாக ரெண்டடி வேண்டும். தானும் கட்டிப் பார்த்தானாம், இதன் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லையாம்.

அம்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றைத்தான் கேட்டாள்.

“கப்பல்காரங்க இத்தப் பாடுறாங்களா?”

“பாடாத கப்பல் இல்லக்கா. பாய் இழுக்கும்போது இதான் பாட்டு. பத்தாவி வரைக்கும் போய்க்கீதுன்னு கப்பலாளு லஸ்கரு ஒருத்தன் சொன்னான்.”

 அம்மணி அழாமல், குரலை உயர்த்தாமல், கணக்காக இரண்டு அடி சொன்னாள்.

‘தோணிரேவு குப்புப் பொண்ணே தொலைதூரம் போனவளே
ஆத்தா அம்மணிதான் அங்கேயே நிக்கிறாடி’

பேரை மட்டும் மாற்றக் கூடாது என்றாள். எங்காவது ஒரு துறையில், எவனாவது பாடும்போது குப்புவின் காதில் விழுந்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சிங்காரம் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் போனான்.

கல்யாணத்தன்று அம்மணியும் தங்கவேலும் மைதானத்தில் கூட்டத்தோடு நின்றார்கள். புது அடி வந்ததும் சனம் ஓவென்று ஆர்த்தது. ஊர்ப் பேர் பாட்டில் வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? கப்பல்காரர்கள் கை தட்டி மறுபடி மறுபடி பாடச் சொன்னார்கள். ‘குப்புப் பொண்ணே, குப்புப் பொண்ணே’ என்று இருநூறு குரல் கத்தியது. அம்மணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாளோ என்னவோ, வரவில்லை. பக்கத்தில் திரும்பியபோது தங்கவேலைக் காணவில்லை.

பேர் வந்ததும் கதையும் வெளியே வந்தது. குப்பு யார், எப்படிப் போனாள் என்று ஊர் ஊராய் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். பெரியசாமிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பத்து நாளில் அவன் ஜமா இரண்டு அடி சேர்த்தது.

‘மூட்டை அரிசிக்கு மகளை வித்த தங்கவேலே
வெந்துச்சா சோறு, வேணுமா கொஞ்சம் உப்பு’

சிங்காரத்தின் அடியைவிட இது வேகமாகப் பரவியது. தங்கவேல் இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் பின்னாலிருந்து யாராவது உப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். பஞ்சத்தில் பிள்ளை விற்றவர்கள் அந்தக் கரையில் அவன் ஒருவன் மட்டும் இல்லை. விற்ற மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். அவன் முதலில் சந்தைக்குப் போவதை நிறுத்தினான், பிறகு துறைக்குப் போவதையும் நிறுத்தினான். ஒருநாள் அம்மணி அடுப்பு ஊதிக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து பேசினான்.

“நீயுந்தானே துன்னே.”

“துன்னேன்,” என்றாள் அவள்.

“பாட்டுல எம்பேரு மட்டுந்தான் கீது.”

 மறுநாள் காலை அம்மணி நடந்துபோய்ச் சிங்காரத்தைப் பார்த்தாள். அந்த அடியை எடுக்கச் சொன்னாள். அது பெரியசாமியுடையது, தான் பாடுவதே இல்லை என்றான் சிங்காரம். பெரியசாமியே நிறுத்தினாலும் இனி நிற்காது, பாட்டு யார் கையிலும் இல்லை என்றும் சொன்னான்.

“அப்ப எம்பேரையும் சேத்துடு. ஆத்தாளும் துன்னான்னு போடு.”

முடியாது என்றான் சிங்காரம்.

“அத்தப் பாடுனா யாரும் சிரிக்க மாட்டாங்கக்கா. சிரிக்காத அடி நிக்காது.”

அவள் திரும்பி வருவதற்குள் தங்கவேல் போய்விட்டிருந்தான். வேட்டி ஒன்றை மட்டும் எடுத்துப் போயிருந்தான். வடக்கே உப்புத் தோணியில் ஏறினான் என்றார்கள் சிலர். அதே தரகன் வீட்டு வாசலில் பார்த்தோம், தானே போய் நின்றான் என்றார்கள் சிலர். முத்தம்மாள் தேடிப் பார்க்கலாம் என்றாள். அம்மணி போகவில்லை. அன்றைக்கு அவன் பங்கையும் சேர்த்து உலை வைத்துவிட்டிருந்தாள். மீந்ததை மறுநாள் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

ஆறேழு மாதம் போயிற்று. கப்பல்கள் வந்தன, போயின. வருகிற லஸ்கர்களிடம் சிங்காரம் விசாரித்துச் சொல்லி அனுப்புவான். பத்தாவிப் பக்கத்துத் துறைகளிலும் பாட்டு நடக்கிறது என்றார்கள். கேட்ட பெண் யாராவது ஓடிவந்து நின்றாளா என்றால், ஒருவனுக்கும் தெரியவில்லை.

ஒரு பகலில் அம்மணி ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி பல்லில் தொங்கியது. கிளிஞ்சல் ஏற்றிய படகு ஒன்று அருகே வந்தது. தண்டு வலிப்பவர்கள் வெளியூர்ப் பையன்கள். அவளை யாரென்று அறியாதவர்கள். தங்கவேல் அடியைப் பாடிக்கொண்டு வந்தார்கள். உப்பு வேணுமா என்ற இடத்தில் ஒருவன் குனிந்து ஏரித் தண்ணீரை அள்ளி வீச, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மணி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

“அந்த அடிய வுட்டுட்டுப் பாடுங்கப்பா.”

தண்டு நின்றது. அதுதானே நல்ல அடி, ஏன் விட வேண்டும் என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டதில் கேலி இல்லை.

“எனக்கு வேணாம். மத்ததப் பாடுங்க.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதானவள் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்திருக்கலாம்; அம்மணிக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. மூத்தவன் தண்டைப் போட்டுக்கொண்டே குப்புவின் அடியை எடுத்தான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். படகு சுண்ணாம்புக்குளம் பக்கமாக வடக்கே போயிற்று.

அம்மணி பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தாள். அன்றைக்கு இறால் சுமாராகக் கிடைத்தது.