குருவி மன்றத்தில் ஒரு புதிய உறுப்பினர்

இணைய மன்றத்தில் அவள் போட்ட பதிவுக்குப் பாராட்டுகள் வரிசையாக வந்திருந்தன. 'சபாஷ் லாரிக்காரி!' 'கிராபிக்ஸ் கார்டு என்னன்னு சொல்லவே இல்லையே?' 'வால்பேப்பர் எங்கே பிடிச்சீங்க?' அவள் சிரித்துக்கொண்டே கீழே உருட்டினாள். கடைசிப் பதிலில் விரல் நின்றது.

'அழகான திரை, குட்டிம்மா. அங்க மழை இன்னும் விடலையா?'

எழுதியவர் அன்றுதான் மன்றத்தில் சேர்ந்திருந்தார். பெயர் 'புதியவன்'. முகப்படம் இல்லை. வேறெங்கும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

குட்டிம்மா என்று அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவள் கணவன். அவன் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் அவள் தனக்கு ஒரு ஆள்கூடத் தெரியாத இந்த ஊருக்கு வந்திருந்தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு கண் டாக்டரம்மாவின் கிளினிக்கில். முன்பக்கம் கண்ணாடிக் கடை, நடுவில் நோயாளிகள் காத்திருக்கும் நடை, அதன் ஒரு பக்கம் பரிசோதனை அறை, கோடியில் லென்ஸ் வெட்டும் சின்ன அறை. பிரேம்களைத் துடைத்து அடுக்குவதும், வந்தவர் மூக்குக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. உள்ளே மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர் லென்ஸ் அண்ணன். கிளினிக்கில் அவருக்கு வேறு பெயரே கிடையாது.

லென்ஸ் அண்ணனுக்கு இரண்டு தொழில். ஒன்று லென்ஸ் வெட்டுவது. இன்னொன்று, கையில் லேப்டாப்போடு யாரைப் பார்த்தாலும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டமான குருவி லினக்ஸுக்கு ஆள் பிடிப்பது.

"சும்மா பென்டிரைவ்ல போட்டு ஓட்டிப் பாரு தங்கச்சி. பிடிச்சா வச்சுக்க, பிடிக்கலன்னா பிடுங்கிடு. மாப்பிள்ளை மாதிரி இல்ல, திருப்பி அனுப்பிடலாம்" என்றார் ஒருநாள்.

இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பழைய லேப்டாப்பை எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்ததற்குக் காரணம் வேறு. முன்பு ஒரு ஊரில் ஒளிந்திருந்தபோது அந்த லேப்டாப்பில் அவளுக்குத் தெரியாமல் எதையோ போட்டுவைத்து, அதை வைத்துத்தான் கணவன் வாசல்வரை வந்து நின்றான். அவன் அவளை நெருங்கவே கூடாது என்று அதன் பிறகு கோர்ட் உத்தரவு போட்டது. உத்தரவு அவள் கையில் இருக்கிறது. ஆனால் காகிதம் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் ஆகாதே.

"எல்லாத்தையும் துடைச்சிடுங்க அண்ணா. ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது."

"மழமழன்னு துடைச்சுத் தரேன். புதுச் சட்டி மாதிரி இருக்கும்."

சொன்னபடியே செய்தார். குருவி நாலைந்து கேள்விதான் கேட்டது. மொழி என்ன, ஊர் எது, பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன. அவ்வளவுதான், வீடு குடிபுகுந்த மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அவளுக்கு உயிரான லாரி கேம் பழைய சிஸ்டத்தில் திக்கித் திக்கித்தான் ஓடும். குருவியில் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருமில்லாத நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுவாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் அவள் போன சாலை அது ஒன்றுதான்.

"குருவிக்கு யாரும் காசு கேட்க மாட்டாங்க. ஆனா புதுசா வந்தவங்க மன்றத்துல தன் அனுபவத்தை எழுதி, திரையை ஒரு படம் பிடிச்சுப் போடணும். அதுதான் வழக்கம்" என்றார் லென்ஸ் அண்ணன்.

"எழுதலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. விருந்து சாப்பிட்டுட்டு, நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போன மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. உட்கார்ந்து ஆசையாக எழுதினாள். கம்ப்யூட்டரில் தனக்கு ஆன், ஆஃப் தவிர எதுவும் தெரியாது என்பதையும், பிரிண்டர் கேட்காமலே சேர்ந்துகொண்டதையும், கேம் கண்ட்ரோலரைச் செருகியதும் லாரி ஹாரன் அடித்ததையும், ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் முரண்டு பிடிப்பதையும் எழுதினாள். 'எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் அண்ணன்தான் போட்டுக் கொடுத்தார்' என்று நன்றியும் சொன்னாள். கீழே திரையின் படம்.

இப்போது கிளினிக் மேஜையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் மூலையில், குருவி தானாகவே வைத்திருந்த வானிலைப் பட்டை. அதில் ஒரு மேகம், நாலு மழைக் கோடுகள், பக்கத்தில் பளிச்சென்று ஊர்ப் பெயர்.

"அண்ணா!"

லென்ஸ் அண்ணன் கையில் டீயோடு வந்தார். படித்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யாரு இது?"

சொன்னாள். இத்தனை நாள் சொல்லாததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எல்லாத்தையும் துடைச்சோமே தங்கச்சி! அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது நீதான்னு?"

"லாரிக்காரி. கேம்ல எனக்கு எப்பவுமே அந்தப் பேருதான் அண்ணா, மன்றத்துலயும் அதையே வச்சுட்டேன். லேப்டாப்பைத் துடைச்சோம். பேரைத் துடைக்கல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பட்டையை மறைன்னு நான் சொல்லியிருக்கணும். எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன், எனக்கே தோணலையே! அழிச்சிடலாமா?"

"அவன் பார்த்தாச்சு. இனிமே அழிச்சா நானும் பார்த்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா நோயாளியிடமும் சரி, வேலைக்காரரிடமும் சரி, வெண்டைக்காய் உடைப்பதுபோல் பட்டென்றுதான் பேசுவார்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"வேலை கிடைக்காதோன்னு பயந்து..."

"நல்லா பயந்த போ. இந்த ஊர்ல கண்ணாடிக் கடை எத்தனை இருக்கு?" என்று லென்ஸ் அண்ணனைக் கேட்டார்.

"ஏழெட்டு இருக்கும் மேடம்."

"அதுல கடையிலயே லென்ஸ் வெட்டறது?"

மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் லென்ஸை வெளியூருக்கு அனுப்பித்தான் வெட்டி வாங்குகிறார்கள்.

"நாம மட்டும்தான் மேடம்."

'லென்ஸ் வெட்டும் அண்ணன்' என்று பதிவில் தான் எழுதிய வரியை அவள் மறுபடி திறந்து பார்த்தாள்.

போலீஸுக்குப் போன் செய்தார்கள். 'ஆள் வந்தால்தான் உத்தரவை மீறியதாகும், வந்தால் உடனே சொல்லுங்கள்' என்றார்கள். டாக்டரம்மா உத்தரவின் நகலைப் பிரிண்ட் எடுத்து லென்ஸ் அண்ணன் சட்டைப் பையில் வைத்தார். அவளை லென்ஸ் அறையிலும் லென்ஸ் அண்ணனை முன்பக்கமும் இருக்கச் சொன்னார்.

மறுநாள் மழை விட்டது. தெருவெல்லாம் வெயில் கண்ணைப் பறித்தது. அவள் லென்ஸ் அறையில் பிரேம்களுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் இருக்காங்களா? கண்ணு கொஞ்சம் மங்கலாவே தெரியுது."

கையிலிருந்த திருகு நழுவியது. அந்தக் குரல் எப்போதுமே மெதுவாகத்தான் இருக்கும். கதவை உடைத்த நாளில்கூட அவன் சத்தம் போட்டதில்லை.

"உக்காருங்க சார், கூப்பிடுவாங்க" என்றார் லென்ஸ் அண்ணன். அவருக்கு ஆளைத் தெரியாது.

"லென்ஸ் எல்லாம் நீங்களே இங்க வெட்டுவீங்களாமே?"

"ஆமா சார். யார் சொன்னாங்க?"

"நெட்ல படிச்சேன். கம்ப்யூட்டர் வேலையும் நல்லா பார்ப்பீங்களாமே. கெட்டிக்காரர்தான்."

முன்பக்கம் ஒரு பிரேம் தரையில் விழும் சத்தம் கேட்டது. லென்ஸ் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

அவள் போனை எடுத்தாள். உடனே வைத்துவிட்டாள். பேசினால் கேட்கும். சத்தத்தை மறைக்க மெஷினைப் போடலாம் என்றால், லென்ஸ் வெட்டுகிறவர் வெளியே நிற்கும்போது உள்ளே மெஷின் எப்படி ஓடும்? அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை. கதவில் பாதி கண்ணாடி. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் வந்தது. லென்ஸ் அண்ணன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"சொட்டு மருந்து போட்டுத்தான் பார்க்கணும். எரியும். கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காரணும். அவசரம்னா இன்னொரு நாள் வாங்க."

"எனக்கென்ன அவசரம்? இங்கேயே உக்காந்துக்கறேன்."

கடைக்குள் உட்கார ஒரு சாக்கு. அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நடையில் இருந்த நாற்காலிகளில் லென்ஸ் அறைக்கு நேர் எதிரே உள்ளதை இழுத்துப் போட்டுக்கொண்டான். மருந்து விழுந்ததும் 'ஸ்ஸ்' என்றது கேட்டது.

"மேடம், நான் போய் டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் லென்ஸ் அண்ணன்.

"எனக்குச் சர்க்கரை இல்லாம. ஓடு."

ஓடினார். அதன் பிறகு நடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவள் கண்ணாடி வழியாக ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கன்னத்தில் மருந்து வழிய உட்கார்ந்திருந்தான். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது இந்தக் கதவுதான்.

டாக்டரம்மா அவனுக்கு இரண்டாம் முறை மருந்து விட்டார். பிறகு லென்ஸ் அறைக் கதவை மெல்லத் திறந்து, உரக்கச் சொன்னார்.

"வாங்க பெரியம்மா. கால் பார்த்து வைங்க. அவசரமே இல்ல."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முதுகை வளைத்துக்கொண்டாள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். நடை குறுகல். அவன் நீட்டியிருந்த காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பெரியம்மாவுக்கும் சொட்டு மருந்தா டாக்டர்?"

"ஆமா. நீங்க பேசாம இருங்க. மருந்து வெளிய வந்துடும்."

அவன் மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டான். வழி காட்டுவதுபோல் கையை நீட்டினான். "பார்த்துப் போங்கம்மா."

அந்தக் கை அவள் மணிக்கட்டில் பட்டது.

அவள் மூச்சு நின்றது. அவன் விரல்களும் நின்றன. முன்பு ஒருநாள் அவன் முறுக்கியதில் அந்த மணிக்கட்டு எலும்பு பிசகி, சேராமல் துருத்திக்கொண்டே இருக்கும். விரல் அந்த மேட்டைத் தடவிப் பார்த்தது.

"குட்டிம்மா" என்றான், மெதுவாக.

அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "கண்ணைத் திறக்காதீங்க!" என்று டாக்டரம்மா கத்தினார். பிரேம் அடுக்கு அவள் தோளில் இடித்துச் சரிந்தது. வாசல்படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த மருந்துக் கடைச் சுவரில் மோதித்தான் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

அவன் வாசல்வரை வந்திருந்தான். மருந்தில் கண்மணி விரிந்திருந்தவன் முகத்தில் வெயில் அறைந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் தடுமாறினான். விரலிடுக்கு வழியாகத் தெருவைத் துழாவினான். ஒரு சைக்கிள்காரரைப் பார்த்து, "குட்டிம்மா, நில்லு. பேசத்தானே வந்தேன்" என்றான்.

ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே லென்ஸ் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் போலீஸ் உத்தரவின் நகலை அவரிடம் வாங்கிப் படித்து, நடந்ததை டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவனிடம் போனார்.

"கண்ணு காட்ட வந்தேன் மேடம். அவ இங்க வேலை பார்க்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம வந்தவரு, ஒரு பெரியம்மா பின்னால ஏன் இந்த ஓட்டம் ஓடி வந்தீங்க?"

அவன் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினான். தெருவில் இருந்த ஒவ்வொரு நிழலாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் இருந்த சுவரையும் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. பார்வை அவளைக் கடந்து போனது. அவள் அசையாமல் நின்றாள்.

"யாரும்மா புகார் கொடுத்தது? இவர்தானான்னு நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். அப்பத்தான் ஜீப்ல ஏத்த முடியும்" என்றார் பெண் போலீஸ், தெருவைப் பார்த்துப் பொதுவாக.

பேசாமல் இருந்தால் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. இப்படியே பின்பக்கச் சந்தில் நழுவி, பஸ் ஏறி, இன்னொரு ஊர், இன்னொரு அறை. லென்ஸ் அண்ணன் அவளையே பார்த்தார். டாக்டரம்மா வாசலில், கையில் மருந்துக் குப்பியோடு நின்றார்.

"இவர்தான்" என்றாள்.

குரல் வந்த பக்கம் அவன் முகம் சட்டென்று திரும்பியது. முழுக்கக் கறுப்பாகிப்போன அந்தக் கண்கள் அவளுக்கு நேராக வந்து நின்றன. அவன் புன்னகைத்தான்.

"கேட்கலம்மா. சத்தமா சொல்லுங்க" என்றார் பெண் போலீஸ்.

அவள் சுவரை விட்டு விலகி வெயிலுக்கு வந்தாள்.

"இவர்தான் மேடம். என் பேரையும் எழுதிக்கோங்க" என்றாள், தெருவே கேட்கும்படி.