நூற்று நாற்பத்து மூன்று பூஜ்ஜியங்கள்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு வென்டிலேட்டர் செய்கிறது. அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமும் எங்களுடையதுதான். அதில் ஷெட்யூலர் என்றொரு பகுதி உண்டு. எந்த வேலை ப்ராசஸருக்குள் இருக்கும் எந்தக் கோரில் எப்போது ஓட வேண்டும் என்று ஏவுகிற மேஸ்திரி. அதை எழுதிய புண்ணியவான் கனடாவில் செட்டிலாகிவிட்டார். எங்களுக்கு விட்டுப்போன சொத்து, கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் காட்டும் நூற்று நாற்பத்து மூன்று எச்சரிக்கைகள். எல்லாம் ஒரே புலம்பல்: இந்த வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பே தரவில்லை, அதற்குள் எடுத்துப் பயன்படுத்துகிறாய்.

அவற்றை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஆஷ்லி. இரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வார்னிங் ஜீரோ ஆகணும்ப்பா. க்ளையன்ட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றார் மேனேஜர் சாமிநாதன். "ஆச்சுன்னா அன்னிக்கே உன் பெர்மனென்ட் லெட்டர்."

அந்த லெட்டரை நம்பி, அல்சூரில் வீடு பார்த்து, நான் கட்டிக்கொள்ளப்போகும் மரியாவின் அப்பாவிடம் கல்யாணத் தேதி வரை சொல்லிவிட்டிருந்தேன். அவர் வேறு நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒவ்வொரு வேரியபிளுக்கும் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம். எச்சரிக்கையைப் படிப்பானேன்? வரி எண் தெரிந்தால் போதாதா? ஒரு மத்தியானம், இரண்டு காபி, வேலை முடிந்தது. சாமிநாதன் அய்யங்கார் பேக்கரியில் பெரிதாக '0' எழுதிய கேக்குக்கு ஆர்டர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை டெஸ்டிங் ரக்ஷிதா கூப்பிட்டாள். கன்னடக்காரி, யாரைக் கூப்பிட்டாலும் 'குரு'தான். அவள் மேசையில் மெஷினோடு ஒரு ரப்பர் பை மாட்டியிருக்கும். நோயாளியின் நுரையீரலுக்குப் பதில் அது.

"ஏன் குரு, இது நடுவுல மூச்சு விட மறந்துடுது, பாத்தியா?"

பார்த்தேன். பை எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. அப்புறம் அப்படியே கிடந்தது. இரண்டு விநாடி கழித்துத்தான் எழுந்தது. அலாரம்கூட அடிக்கவில்லை.

"எல்லா இடத்துலயும் சும்னே ஜீரோ போட்டியா?"

கோடைத் திறந்தேன். காலியான கோரின் எண்ணை வைக்கிற வேரியபிளிலும் பூஜ்ஜியம் போட்டிருந்தேன். எங்கள் கணக்கு பூஜ்ஜியத்தில் தொடங்கும். பூஜ்ஜியம் என்றால் முதல் கோர். மூச்சுக்கென்றே ஒதுக்கிய கோர் அது. முன்பெல்லாம் எந்தக் கோரும் காலியில்லாதபோது அந்த வேரியபிளில் ஏதோ குப்பை எண் இருக்கும், மெஷின் படுத்துவிடும், அலாரம் ஊரைக் கூட்டும். ரக்ஷிதா மாதக்கணக்காகக் கத்திய கோளாறு அதுதான். இப்போது என் புண்ணியத்தில், திரையில் படம் வரைகிற வேலை சத்தமில்லாமல் மூச்சின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கேக்கோடும் கவரோடும் சாமிநாதன் வந்தார். சொன்னேன்.

"அபூர்வமாத்தானே வருது? அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்ப்பா. இன்னிக்கு ஜீரோ காட்டணும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்கக்கேடுதான், ஆனாலும் தோன்றியது. கவரில் என் பெயர் டைப் அடித்திருந்தது.

"அந்த ரப்பர் பையைக் கழட்டிடறேன் சார்" என்றேன். "ரெண்டு நிமிஷம் மாஸ்க்கை நீங்க போட்டுக்கிறீங்களா?"

ரக்ஷிதா இருமினாள். சாமிநாதன் என்னை முறைத்தார், பிறகு பையைப் பார்த்தார். அது தாழ்ந்து, அப்படியே கிடந்தது. அவர் வாய் தானாகத் திறந்தது. பை எழும்வரை மூடவில்லை.

"அந்த ஜீரோவை எடுத்துடு" என்றார். "க்ளையன்ட்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா லெட்டர் இப்போ இல்லப்பா. மொத்த நூத்தி நாப்பத்தி மூணையும் திரும்பப் பாக்கணும், ஆறு மாசம் ஆகும்." கவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

கோபம் வந்தது. மரியாவின் அப்பாவை நினைத்தால் அழுகையும் வந்தது. உட்கார்ந்து அந்த ஒரு பூஜ்ஜியத்தை அழித்தேன். எச்சரிக்கை மஞ்சள் எழுத்தில் திரும்பி வந்தது. முதல்முறையாக அதை முழுதாகப் படித்தேன்.